கத்துகிற பிரேக்

பிக்கப் வண்டி வாங்கப் போகிறவன் மெக்கானிக்கிடம் வந்து கேட்கிற முதல் கேள்வி ஹாரனைப் பற்றியதாக இருக்கும். இரண்டாவது கேள்வி பெயிண்ட். மூன்றாவது, பின்னால் இன்னும் நாலு மூட்டை கூடுதலாக ஏற்ற என்ன செய்யலாம் என்பது. பிரேக் என்ற ஒன்று இருக்கிறதா என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் தானாகக் கேட்டதில்லை. அது சத்தம் போட்டால் மட்டும் ஓடி வருவான்.

தென்காசியில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தவன் நான். இப்போது மகன் வீட்டில் சும்மா இருக்கிறேன். சும்மா இருக்க விடுகிறார்களா? தெருவுக்கு நாலு பிக்கப் நிற்கிறது. அதை வாங்கியவனெல்லாம் சாயங்காலமானால் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுகிறான். போன வாரம் ஒருத்தன் வந்து, “பெரியவரே, பிரேக்கு கீச்சுகீச்சுன்னு கத்துது. ஏதோ ஸ்ப்ரே அடிச்சா சத்தம் நின்னுரும்னு போன்ல பாத்தேன். அடிச்சிரட்டுமா?” என்று கேட்டான். என் கையில் ஊன்றுகோல் இருந்தது. என் மருமகள் பக்கத்தில் நின்றதால் அவன் தப்பித்தான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படிப்பான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அந்தக் காலத்து மனிதர்கள் எதையும் ஒழுங்காக வைத்திருந்தார்கள் என்று எவனாவது உருகினால் நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் நான் இருந்தேன். இதே மடையர்கள்தான். அக்கறை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதனால் சேதமும் கூடுதலாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளில். முதல் சில வருஷங்கள் ஸ்பேனர் துடைத்தேன், திட்டு வாங்கினேன், கிரீஸில் புரண்டேன். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை. அப்போது எங்கள் பக்கம் ஓடிய பிக்கப்களில் பாதி, உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகள். முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த தொட்டி. அதை வாங்கி வந்து, பட்டாளத்துப் பச்சையை மறைக்க நீலமோ மஞ்சளோ அடித்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால் வண்டி புதுசாகிவிட்டது என்று அர்த்தம். வாங்குவதற்கு முன்னால் சோசியரைப் பார்ப்பார்கள். எங்களைப் பார்ப்பது வாங்கிய பிறகுதான்.

எங்கள் ஒர்க்ஷாப்பில் தலைமை மெக்கானிக் பாக்கியம் மேஸ்திரி. குட்டையான மனிதர், கழுத்து கிடையாது. பட்டாளத்தில் வண்டி பார்த்தவர். அவரிடம் சில முறைகள் உண்டு, அதை மீறினால் ஸ்பேனர் பறந்து வரும். கழற்றிய சாமான்களைத் தரையில் சாக்கு விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்க வேண்டும். அந்தச் சாக்கைத் தாண்டி எவனும் நடக்கக் கூடாது, வண்டிச் சொந்தக்காரனாக இருந்தாலும் சரி. வண்டிக்கு என்ன கேடு என்று சொந்தக்காரனிடம் கேட்க மாட்டார். ஓட்டுகிறவனைத்தான் கேட்பார். சொந்தக்காரன் குறுக்கே பேசினால், “நீங்க அங்கன வேப்பமரத்தடியில இருங்க அண்ணாச்சி, காத்து வரும்” என்பார். காற்று வந்ததோ இல்லையோ, தொந்தரவு போகும்.

அவர் எந்த வண்டியையும் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. புத்தம்புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “எப்படி மேஸ்திரி?” என்று ஆசையாகக் கேட்பார்கள். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “ஓடும்” என்பார். அதுதான் அவருடைய உச்சக்கட்டப் பாராட்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கேள்விகளுக்கு வருகிறேன். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர் ஒருவர். பிக்கப் வாங்கிய மறுநாளே வந்து நின்றார்.

“மேஸ்திரி, பின்னாடி தொட்டிய ரெண்டடி நீட்டிக் குடுத்திரும். மூட்ட கூடப் பிடிக்கும்லா.”

“நீட்டலாம். ரெண்டு தடியான ஆளு சம்பளத்துக்கு வைக்கணும், சம்மதமா?”

“ஆளு எதுக்கு வே?”

“பானெட்டு மேல உக்காரத்தான். முன்சக்கரம் தரையில நிக்கணும்லா.”

கமிஷன் கடைக்காரர் கோபித்துக்கொண்டு போய், ஒரு தச்சரைப் பிடித்து இரண்டடி நீட்டிவிட்டார். ஒரு வாரம் கழித்துச் சந்தோஷமாக வந்தார். “நீரு என்னமோ பயங்காட்டினீரு. இப்பம் ஸ்டியரிங்கு ஒரு விரல்ல திரும்புது, பாத்துக்கிடும்!” என்றார். திரும்பாமல் என்ன செய்யும்? முன்சக்கரத்தில் பாரமே இல்லை. அடுத்த வாரம் கடையநல்லூர் தாண்டி ஒரு வளைவில், ஸ்டியரிங்கைத் திருப்பினார், வண்டி திரும்பவில்லை, நேரே போய் வாய்க்காலில் இறங்கியது. எலுமிச்சை எல்லாம் மிதந்து போனது. நாங்கள் கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றியதும் அந்த மனிதர் முதலில் செய்த காரியம், கையை உள்ளே விட்டு ஹாரனை அமுக்கிப் பார்த்தது.

குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் விடுகிற ஒருவர் இருந்தார். சாரல் விழத் தொடங்கினால் அவர் பிக்கப்பில் இரண்டு பக்கமும் பெஞ்சு அடித்துவிடுவார். வெளியூர்க்காரர்களை அடைத்துக்கொண்டு ஐந்தருவிக்கும் மெயினருவிக்கும் ஓட்டம். ஆனி, ஆடியில் மனிதர்கள். மற்ற மாதத்தில் வாழைத்தார். அவர் வண்டியைத் தினமும் ஓடையில் இறக்கி, அச்சு முங்க நிறுத்தி, மாட்டைக் குளிப்பாட்டுவதைப் போல வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டுவார். சக்கரத்துக்குள் இருந்த கிரீஸ் எல்லாம் தண்ணீரோடு போய், பேரிங் அரைபட்டு, மாதம் ஒரு தரம் எங்களிடம் வருவார். ஓடையில் இறக்காதீர்கள் என்று மேஸ்திரி சொன்னதற்கு அவர் சொன்ன பதில் இது: “மூலிகைத் தண்ணி வே. மனுசனுக்கே அம்புட்டு நல்லது. இரும்புக்குக் கெடுதல் செய்யுமா?” மேஸ்திரி வேப்பமரத்தைக் கையால் காட்டினார்.

இவர்களையெல்லாம் நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான். சிரிக்க முடியாதது வடகரை அண்ணாச்சியின் விஷயம்.

வடகரையில் நெல்லும் தென்னையுமாக நல்ல வசதியான குடும்பம் அவருடையது. அண்ணாச்சி என்றால் அந்தப் பக்கம் அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மாடு வளர்ப்பதில் கெட்டிக்காரர். அவருடைய காளைகளைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் இருக்கிறதே, அதுதான் வினை. ஒன்றில் கெட்டிக்காரன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வான். ஒன்றும் தெரியாதவனையாவது மிரட்டி உட்கார வைக்கலாம்.

அவர் அறுபதுகளில் ஒரு பிக்கப் வாங்கினார். தேங்காயும் நெல்லும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகும். வரும்போது மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, வரும். ஓட்டுவதற்குச் சுடலைமுத்து என்று ஒரு டிரைவர். அதிகம் பேசாதவன். வண்டியைக் கொண்டுவந்தால் எங்கே என்ன சத்தம் என்று சரியாகச் சொல்வான். அதனால் மேஸ்திரிக்கு அவனைப் பிடிக்கும்.

ஒரு நாள் அண்ணாச்சியே வண்டியோடு வந்தார். பிரேக் கத்துகிறது என்றார். நாங்கள் நாலு சக்கரத்தையும் கழற்றி, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மை உரசி நிறுத்துகிற லைனிங் தேய்ந்திருந்ததால் புது லைனிங் அடித்து, டிரம்மைத் துடைத்து மாட்டிக் கொடுத்தோம். வண்டி கச்சிதமாக நின்றது. ஆனால் கத்தியது. புது லைனிங் சில வண்டியில் கத்தத்தான் செய்யும்.

“கத்துதே மேஸ்திரி.”

“கத்தட்டும். நல்லாப் பிடிக்குது.”

“பிடிக்கிறது இருக்கட்டும் வே. நான் தெருவுல எப்படித் தலை நிமிந்து போறது?”

அவர் சொன்னதன் அர்த்தம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வடகரை, அச்சன்புதூர் பக்கமெல்லாம் மாட்டுவண்டி சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு போனால், அச்சுக்கு மசகு போடக்கூட மனசு வராத பிசினாரியின் வண்டி என்று அர்த்தம். தெருவில் பெண்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அண்ணாச்சி வீட்டு மாட்டுவண்டி ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. இப்போது பிக்கப் தெருமுனையில் திரும்பும்போதே ஊருக்கெல்லாம் கேட்கிறது. கல்யாணத்துக்கு மகள் வேறு இருக்கிறாள்.

“அண்ணாச்சி, மாட்டுவண்டி கத்தினா அச்சு காயுதுன்னு அர்த்தம். இது கத்தினா பிடிக்குதுன்னு அர்த்தம். ரெண்டும் வேற” என்றார் மேஸ்திரி. அவருக்கு இதுவே நீண்ட பிரசங்கம். அண்ணாச்சி தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்து நான் ஏமாந்தேன். புரிந்தவன் ஆட்டுகிற தலைக்கும், ‘உனக்கு என்னடா தெரியும்’ என்று ஆட்டுகிற தலைக்கும் வித்தியாசம் தெரிய எனக்கு இன்னும் பல வருஷம் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வண்டி எங்களிடம் வரவில்லை. சத்தம் நின்றுவிட்டதாம், அண்ணாச்சி ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாராம் என்று வடகரையிலிருந்து வந்த யாரோ சொன்னார்கள். மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “எப்படி நிக்கும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு வேலையைப் பார்த்தார்.

அடுத்து வண்டி வந்தது கயிற்றில் கட்டி இழுபட்டுத்தான். கேரளாவிலிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு மலை இறங்கும்போது, புளியறைக்கு மேலே அந்த எஸ் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. சுடலைமுத்து கியரைக் குறைத்துப் பார்த்திருக்கிறான். பாரம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கீழே செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நிற்கும், பக்கத்தில் சாப்பாட்டுக் கடைகள், ஆட்கள். அங்கே போகவிடாமல், வண்டியை மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதி நிறுத்தினான். பின்னால் கிழங்கு மூட்டை மேல் இருந்த சுமைக்காரர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவனுக்கு இடது கால் ஒடிந்துவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு. இந்தப் பக்கம் அப்போது மதுவிலக்கு. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவன் வண்டியை மோதினால், குடித்துவிட்டு மோதினான் என்று சொல்ல யாருக்கும் சாட்சி வேண்டாம். அண்ணாச்சியே சொன்னார். போலீசில் அவர் கொடுத்த வாக்குமூலம் அதுதான்: வண்டியைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறேன், அதன் மேல் குற்றமே இல்லை, பயல் குடித்திருப்பான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. தன் வண்டியில் குறை இருக்க முடியாது என்றால் பிறகு வேறு என்ன காரணம் இருக்கும்? அவர் கணக்கு அவ்வளவு சுலபம். தென்காசி ஆஸ்பத்திரியில் காலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவன் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்துவிட்டார்கள். லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு என்று பேசிக்கொண்டார்கள்.

வண்டி எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. மோட்டார் வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி வந்து பார்க்கும்வரை எவனும் தொடக்கூடாது என்று ஏட்டு ஐயா சொல்லிவிட்டுப் போனார். அந்த அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம்.

அன்றைக்குச் சாயங்காலம் சுடலைமுத்துவின் மனைவி வந்தாள். பெயர் இசக்கி. அழுதுகொண்டு வரவில்லை, கோபத்தோடு வந்தாள்.

“மேஸ்திரி, அவிய குடிக்க மாட்டாவ. பிரேக்கு சரியா பிடிக்கலன்னு மொதலாளிகிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்காவ. ‘ஒனக்கு மிதிக்கத் தெம்பு இல்லலே’ன்னு ஏசியிருக்காவ மொதலாளி. இப்பம் பாத்தா என் புருசன் குடிகாரன்னு ஊரு பூரா சொல்லிட்டு அலையுதாவ. நீங்க வண்டியப் பாத்துச் சொல்லுங்க.”

“நீ வீட்டுக்குப் போ தாயி. இன்ஸ்பெக்டர் வாரன்னைக்கு வா” என்றார் மேஸ்திரி.

அவள் போனதும் அவர் வண்டிக்குப் பின்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதையும் கழற்றவில்லை. பிரேக் டிரம்முக்குப் பின்பக்கம் ஒரு தகடு இருக்கும். பிரேக்கை இறுக்குவதற்காக அதில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதில் சுண்டுவிரலை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார். விரல் கறுப்பாக வந்தது. மூக்கில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் மூக்கில் வைத்தார்.

நல்லெண்ணெய். காய்ந்து, கருகி, சட்டியில் தீய்ந்த வாசனை.

“இப்பமே ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லிருவோம் மேஸ்திரி!” என்று குதித்தேன்.

“என்னன்னு சொல்லுவ?”

“பிரேக்குல எண்ணெ விட்டிருக்காவன்னு.”

“யாரு விட்டா? நீ பாத்தியா? வண்டி யாரு கையில இருந்துச்சு? டிரைவர் கையில. கடைசியா டிரம்மக் கழத்துனது யாரு? நீயும் நானும். எண்ணெ இருக்குன்னு சொன்னா, ஒண்ணு அவன் தலையில விடியும், இல்ல நம்ம தலையில விடியும். அண்ணாச்சி தலையில விடியாதுலே. வாய மூடிக்கிட்டு இரு.”

எனக்கு அன்று அவர் மேல் வெறுப்பாக இருந்தது. பெரிய வீட்டு வாடிக்கை போய்விடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு காலை வேளையில் வந்தார். ஒல்லியான மனிதர், தேவைக்கு மேல் பேசாதவர். ஏட்டு ஐயா கூட வந்தார். அண்ணாச்சி வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக முன்னால் நின்றார். கேட்டுக்கு வெளியே இசக்கி நின்றாள். இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறிப் பிரேக் பெடலை மிதித்தார். பெடல் கல்லாக நின்றது. குழாயில் ஒழுக்கு இல்லை.

“பெடல் நல்லாத்தானே இருக்கு” என்றார்.

“அதைத்தான்யா நானும் சொல்லுதேன். வண்டி மேல குத்தமே இல்ல” என்றார் அண்ணாச்சி. ஏட்டு ஐயா தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மேஸ்திரி வாயைத் திறந்தார்.

“அண்ணாச்சி, நானும் எத்தனையோ வண்டி பாத்தாச்சு. ஒரு வண்டிய இம்புட்டு நல்லா வச்சிருக்கிற ஆள நான் பாத்ததே இல்ல.”

என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. ஒர்க்ஷாப்பில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரிக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இன்னைக்காவது உம்ம வாயில வந்துச்சே வே!”

“உள்ளதச் சொல்லணும்லா. அடியில ஒரு பொட்டுத் துரு இல்ல. பெயிண்டுல கீறல் இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பிடிபடல. அந்தப் பிரேக்குச் சத்தம். நான் லைனிங்கு மாத்தியும் கத்துச்சு. நான் தோத்தேன்னே வச்சுக்கிடுங்க. பொறவு சத்தமே இல்லன்னு சொல்லுதாவ. செங்கோட்டையில வேற மெக்கானிக்கு எவனும் பாத்தானோ?”

“மெக்கானிக்கா!” அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். “நான் செஞ்சேன் வே. இந்தக் கையால.”

“நீங்களா? டிரைவர் எதும் யோசன சொன்னானாக்கும்.”

“அவனா? அவனுக்கு என்ன தெரியும்? அவன நான் பக்கத்துலயே விடலியே. சனிக்கிழம அவன் வீட்டுக்குப் போன பொறவு, நானே குனிஞ்சு, நாலு சக்கரத்துக்கும் அந்த ஓட்ட வழியா நல்லெண்ணெ. நம்ம எள்ளு, செக்குல ஆட்டுனது. கடை எண்ணெ இல்ல, பாத்துக்கிடும். ரெண்டு வாரத்துல சத்தம் போன எடம் தெரியல. அதோட விட்டனா? வாராவாரம் தவறாம விட்டேன். மாட்டுக்குச் செய்யுதோம், வண்டிக்குச் செய்யக் கூடாதா?”

இன்ஸ்பெக்டர் கையைத் துடைப்பதை நிறுத்தினார்.

“எந்த ஓட்டை வழியா விட்டீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணாச்சி பெருமையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து காட்டினார். “இந்தா, இங்கன.”

“டிரம்மைக் கழற்றுங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

சாக்கை விரித்தேன். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி இழுத்தேன். உள்ளே லைனிங் முழுக்கக் கறுத்த பிசின். மலை இறங்கும்போது சூட்டில் எண்ணெய் இளகிப் பரவிப் புகைந்திருக்கிறது. வாசனை ஒர்க்ஷாப் முழுக்கப் பரவியது. “தோச சுடுத வாசனைல்லா வருது!” என்றார் ஏட்டு ஐயா. இன்ஸ்பெக்டர் லைனிங்கில் விரலை வைத்து இழுத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, இந்தப் பிரேக்கை எந்த மனிதன் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது என்றார்.

அண்ணாச்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. டிரம்மைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். “நல்லதுன்னுதானே வே செஞ்சேன்…” என்றார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் நீங்கள் என்னை நல்லவன் என்பீர்கள், ஆனால் வரவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருத்தன் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு மிதிக்கத் தெம்பில்லை என்று ஏசியவர், தெருவில் நாலு பெண்கள் சிரிப்பதற்குப் பயந்து அவனை மலையில் இறக்கிவிட்டிருக்கிறார். பிறகு குடிகாரன் என்றும் சொல்லியிருக்கிறார். நல்லது நினைத்துச் செய்தாராம்! அவன் வண்டியை ஒடிக்காமல் விட்டிருந்தால் செக்போஸ்டில் எத்தனை பேர் போயிருப்பார்கள்?

இசக்கி கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். நேராக அண்ணாச்சி முன்னால் நின்றாள்.

“மொதலாளி, என் புருசன் குடிச்சான்னு ஊரு பூரா சொன்னியள்லா. இப்பம் அதே ஊருக்குள்ள போயிச் சொல்லுங்க, குடிச்சது வண்டிதான்னு.”

ஏட்டு ஐயா அவளை அதட்டவில்லை. அண்ணாச்சி வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். யாரும் கை காட்டாமல் அவராகவே அங்கே போனது அந்த ஒரு தடவைதான்.

சுடலைமுத்துவின் பக்கத்திலிருந்து அன்றே போலீஸ்காரர் எழுந்து போனார். அவன் மேல் வழக்கு இல்லை என்று ஆனது. அவர்கள் எல்லோரும் போன பிறகு நான் மேஸ்திரியிடம் போனேன். அவரைத் தப்பாக நினைத்ததைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். “சாக்க மடிச்சு வைலே” என்றார். அதோடு சரி.

கால் கூடின பிறகு சுடலைமுத்து மறுபடியும் அதே வண்டியில் ஏறினான். வேறு இடம் பார்க்கக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, “ஒரு வேலை பாக்கி இருக்கு” என்று மட்டும் சொன்னான். அண்ணாச்சிக்கும் அவனை வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை.

நாங்கள் நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் அடித்துக் கொடுத்தோம். வண்டி கச்சிதமாக நின்றது. கத்தவும் செய்தது. ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி தனியாக ஒர்க்ஷாப்புக்கு வந்தார். மேஸ்திரி ஒரு எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். அண்ணாச்சி சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மேஸ்திரி, நல்லெண்ணெதானே கூடாது? விளக்கெண்ணெ ஒரு சொட்டு விட்டா?” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டார்.

மேஸ்திரி தலையை வெளியே எடுக்கவில்லை. “கத்தட்டும் அண்ணாச்சி” என்று எஞ்சினுக்குள்ளிருந்து சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு தடவை, ஒரு பம்புசெட் எஞ்சின் பார்க்க நான் வடகரைக்குப் போனேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போக வந்தவர்களோ என்னவோ, வெளியூர் ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பிக்கப் தெருவுக்குள் திரும்பியது. தெரு நேரான தெரு. குறுக்கே ஆடு இல்லை, மாடு இல்லை, பிள்ளைகள் இல்லை. தெரு தொடக்கத்திலேயே சுடலைமுத்து பிரேக்கில் காலை வைத்துவிட்டான். கீச்சென்ற சத்தத்தை இழுத்துக்கொண்டே அண்ணாச்சி வீட்டு வாசல் வரைக்கும் வந்தான், வாசலைத் தாண்டினான், தெருக்கோடி வரைக்கும் விடவில்லை. வீடுகளுக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். அண்ணாச்சி நெல்லைப் பார்த்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தி, காலை இழுத்து இழுத்து இறங்கினான் சுடலைமுத்து. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“பிரேக்கு நல்லாப் பிடிக்குதான்னு பாக்கேன்” என்றான். “தினமும் பாக்கேன்.”